பதினான்காவது அறை

தங்கும் விடுதியின் அடித்தளத்தில், சலவை மெஷின்களுக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கும் நடுவே ஜன்னல் இல்லாத ஓர் அறை. விடுதி அறைகளைச் சுத்தம் செய்யும் எட்டுப் பெண்களும் உடை மாற்றுவது, சாப்பிடுவது, மேனேஜரை வாயாரத் திட்டுவது எல்லாம் அங்கேதான். விண்ணப்பத்தில் 'ஆராய்ச்சி நடக்கும் இடம்' என்ற கட்டத்தில் மின்னலின் மகள் அந்த அறையைத்தான் எழுதினாள்.

மின்னல் என்பது கூட வேலை செய்பவர்கள் அவள் அம்மாவுக்கு வைத்த பெயர். அந்தக் கட்டடத்தில் அவளை வேகத்தில் மிஞ்ச ஆள் கிடையாது. மகள் அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மிதித்ததோடு நிற்காமல் புள்ளியியலில் பட்டமும் வாங்கி வந்து, வேலை கிடைக்காமல், சாயங்காலம் டியூஷன் எடுத்துக்கொண்டு, மீதி நேரமெல்லாம் எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தாள்.

ஒரு அறக்கட்டளை சிறு குழுக்களுக்குச் சின்னதாக நிதி கொடுக்கிறதாம். பட்டம் வேண்டாம், உங்களுக்கென்று ஒரு கேள்வி இருந்தால் போதும், நீங்களே ஆராய்ந்து பாருங்கள் என்று அறிவித்திருந்தார்கள்.

"எங்கிட்ட பட்டம் கிடக்குது, கேள்வி உங்ககிட்ட இருக்குது. எடுங்க வெளிய" என்றாள் மகள்.

கேள்வி சுவரிலேயே ஒட்டியிருந்தது. இதுவரை ஓர் அறைக்கு அரை மணி நேரம், ஒரு நாளைக்கு ஆளுக்குப் பதினான்கு அறை. அடுத்த மாதம் முதல் ஓர் அறைக்கு இருபத்து நான்கு நிமிடம், ஆளுக்குப் பதினேழு அறை. கீழே மேனேஜரின் கையெழுத்து. இருபத்து நான்கை எவன் அளந்தான்? எவனும் அளக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி யாரோ போட்ட கணக்கு. அரை மணியே போதாது, முப்பத்தைந்து நிமிடம் ஆகிறது என்று எட்டுப் பேரும் புலம்பினார்கள்.

நிதி வந்தது. ஸ்டாப்வாட்ச், ஒரு கட்டுத் தாள், எட்டுப் பேருக்கும் மூன்று வாரத்துக்கு டீ. மேனேஜரும் தலையாட்டினார். 'அளந்து பாருங்க, முடிவ என் ரூம்ல வச்சுப் பேசுவோம்' என்று அவர் சிரித்த சிரிப்பு மகளுக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாள் காலை. அம்மாவின் அறை வாசலில் மகள் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தியதுதான் தாமதம், உள்ளே புயல் அடித்தது. பெட்ஷீட் காற்றில் விரிந்து தரையைத் தொடாமல் மெத்தையில் விழுந்தது. கண்ணாடி, குழாய், தொட்டி, தலைமுடி, சோப்பு எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தன.

"ஏம்மா, யாராவது துரத்துறாங்களா உன்ன?"

"பேச்சுக் குடுக்காதடி, நேரம் போகுது."

பத்தொன்பது நிமிடம்.

செய்தி மாடிக்கு மாடி பரவியது. மின்னல் பத்தொன்பது என்றால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? நடக்கும்போதே முனகும் முதுகுவலி அக்கா இருபத்தொன்றில் முடித்துவிட்டு, "அவள விட ரெண்டுதான ஜாஸ்தி?" என்று கேட்டாள். வார முடிவில் சராசரி இருபத்தொன்று. மேனேஜரே காசு கொடுத்து ஆராய்ச்சி செய்திருந்தாலும் இவ்வளவு நல்ல முடிவு அவருக்குக் கிடைத்திருக்காது.

"உங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கிட்டீங்க!" மகள் தாள்களை மேஜையில் அறைந்தாள். "முப்பத்தஞ்சு ஆகுதுன்னு ஒப்பாரி வச்சது யாரு?"

"நீயே முப்பத்தஞ்சுன்னு எழுதிடேன் கண்ணு" என்றாள் முதுகுவலி அக்கா.

"பொய் எழுதுறதுக்கா நான் படிச்சேன்?"

மின்னல் டம்ளரை வைத்தாள். "இருபத்தோரு வருஷத்துல நான் வேல செய்யுறத ஒருத்தரும் நின்னு பாத்ததில்ல. நீ பாத்த. அப்ப போயி மெதுவாவா செய்வேன்?"

மகள் மேஜையில் சிதறிய தாள்களை மறுபடி அடுக்கினாள். அம்மா சொன்னதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"காலையில எவளும் ஓடுவா" என்றாள் முதுகுவலி அக்கா. "மூணு ரூம் பாத்துட்டு நீ கிளம்பிடுற, சாயங்காலம் டியூஷன்னு வர்றதே இல்ல. சாயங்காலம் வந்து பாரு, நாங்க செவுரப் பிடிச்சு நடக்குறத."

மூன்று வருடம் புள்ளியியல் படித்தவளுக்கு முகத்தில் தண்ணீர் தெளித்தது போல ஆனது. காலையை மட்டும் அளந்துவிட்டு நாள் முழுவதையும் அளந்ததாக நினைத்திருக்கிறாள். டியூஷனுக்கு எட்டு நாள் லீவு சொன்னாள், ஆளுக்கு ஒரு நாள்.

நாள் முழுக்க அளக்க மற்ற எல்லாரும் சரி என்றார்கள். மின்னல் மட்டும் மாட்டேன் என்றாள். "என்னோடத எடுக்காத. எடுத்தது போதும்."

"நீ இல்லாம எடுத்தா, சோம்பேறிங்களாப் பாத்துப் பொறுக்கி அளந்தீங்கன்னு அந்தாளு சொல்லுவாரும்மா."

"பேரு போடக் கூடாது."

"போட மாட்டேன். வெறும் புள்ளிதான்."

முதல் அறை இருபது நிமிடம். ஐந்தாவது அறை இருபத்தாறு. ஒன்பதாவது முப்பத்தொன்று. பதினான்காவது அறையில் குளியல் தொட்டியின் விளிம்பில் அம்மா உட்கார்ந்துவிட்டாள். கையில் இருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்மா வேலை நேரத்தில் உட்கார்ந்து மகள் பார்த்ததே இல்லை.

"கடிகாரத்த நிறுத்துடி."

"நிறுத்தக் கூடாதும்மா. நீ உக்காந்ததும் சேர்த்திதான்."

"பெத்தவகிட்டயே கறாரு."

"நான் வேணா அந்தத் தொட்டியத் தேய்க்கட்டுமா?"

"தொட்ட, கையை ஒடிப்பேன். அப்புறம் கணக்கு என்னாகும்?" என்று எழுந்தாள் அம்மா.

நாற்பத்தேழு நிமிடம்.

மேனேஜர் அறையில் எட்டுப் பேரும் சுவரோரம் நின்றார்கள். அறக்கட்டளையிலிருந்து வந்த அம்மாள் ஒரு ஓரமாக உட்கார்ந்து குறிப்பு எழுதினார். மேஜையில் மகள் வரைந்த படம், எட்டுப் பேரின் பதினான்கு அறைகளுக்கும் அறைக்கு ஒன்றாக நூற்றுப்பன்னிரண்டு புள்ளிகள். மேனேஜர் ஆகக் கீழே இருந்த புள்ளியில் விரலை வைத்தார்.

"இருபது நிமிஷத்துல முடிச்ச ஆளும் இருக்காங்களே! யாரு இது?"

மின்னல் கையைத் தூக்கினாள்.

"சபாஷ்! இவங்களால முடியுதுன்னா எல்லாராலயும் முடியும்." விரல் உச்சிக்குப் போனது. "இது என்ன, நாப்பத்தேழு? இந்த மாதிரி ஒருத்தரால மொத்தமும் கெடுது. யாரு இது?"

மகள் தரையைப் பார்த்தாள். பெயர் போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாளே.

"யாருன்னு கேட்டேன்."

"அதான் தூக்கிட்டு நிக்கிறேனே சார்" என்றாள் மின்னல். கை இன்னும் இறங்கவில்லை. "அது காலையில நான். இது சாயங்காலம் நான். பதினேழாவது ரூமுக்கும் அளக்கணும்னா ஆளத் தேடுங்க, நான் பதினாலோட தீந்துடுறேன்."

முதுகுவலி அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கினாள். மேனேஜர் கீழ்ப் புள்ளியைப் பார்த்தார், மேல் புள்ளியைப் பார்த்தார். நடுவே படிப்படியாக ஏறிப்போகும் புள்ளிகளை அப்போதுதான் பார்த்தார். மூலையில் பேனா ஓடும் சத்தமும் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"சரி... இப்போதைக்குப் பதினாலே இருக்கட்டும். அந்த நோட்டீஸ எடுத்துடுங்க."

அரை மணி நேரமே நின்றது, முப்பத்தைந்து கிடைக்கவில்லை. படி இறங்கும்போது மகளுக்கு அதுவே ஆற்றாமையாக இருந்தது. அம்மாவுக்கு வேறு ஆற்றாமை.

"நாப்பத்தேழா ஆச்சு?"

"நாப்பத்தேழுதாம்மா."

"அதுல ரெண்டு நிமிஷம் நீ பேச்சுக் குடுத்தது. கழிச்சுட்டில்ல போட்டிருக்கணும்?"