கெடு கேட்ட வரிசை

ஏலாக்குறிச்சி மரிய புஷ்பத்துக்குப் பாஸ்போர்ட் ஆசை ஐம்பத்து நாலு வயதில் வந்ததல்ல. இருபத்தாறு வயதில் வந்து, பாதி வழியில் நின்றுபோன ஆசை அது. இப்போது ஆசை போய் அவசரமாகிவிட்டது. குவைத்தில் நர்சாக இருக்கும் ஒரே மகள் ஷாலினி மேரிக்கு ஜூன் பதினெட்டில் பிரசவம் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். தலைப்பிரசவம். தாய் பக்கத்தில் இல்லாமல் அந்தப் பெண் தவிக்குமே என்று இவள் இங்கே சோறு இறங்காமல் கிடந்தாள்.

பாஸ்போர்ட் எடுக்க மே மாதத்தைப் போல மோசமான மாதம் கிடையாது. பரீட்சை முடித்த பிள்ளைகள், லீவில் வந்த வெளிநாட்டுக்காரர்கள், புதுமாப்பிள்ளைகள் என்று ஊரே ஒன்றாய்க் கிளம்பும். திருமானூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ராஜேஷ் இருபது நாள் விடாமல் பார்த்தான். பெரம்பலூரும் நிரம்பியிருந்தது, அரியலூரும் நிரம்பியிருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டேன் என்கிறானே என்று மரிய புஷ்பம் புலம்பித் தீர்த்தாள். கடைசியில் யாரோ வேண்டாமென்று விட்ட ஓர் இடம் அகப்பட்டது. திங்கட்கிழமை, காலை பதினொன்றே கால். இதைத் தவறவிட்டால் அடுத்தது ஜூனில்தான் என்று சொல்லி, இங்கிலீஷில் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தான்.

எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றினால்தானே! கல்யாணமான புதிதில் புருஷன் மரிய ஆல்பர்ட்டோடு சர்டிபிகேட், கையெழுத்து என்று அலைந்ததெல்லாம் பெரம்பலூர். அப்போது எல்லாம் ஒரே மாவட்டம். பிறகு பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். அவள் மனசில் மட்டும் அது பிரியவே இல்லை. பெரிய ஆபீஸ் என்றால் பெரம்பலூர்தான்.

காலை எட்டு மணிக்குப் பஸ் ஏறினாள். அரியலூர் ஸ்டாண்டில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. ஜன்னல் வழியாக ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பெரம்பலூர் போய்ச் சேர்ந்தாள். பாஸ்போர்ட் எடுக்கும் தபால் ஆபீஸ் வாசலில் தாளைப் பார்த்த காவலாளி, இது அரியலூர் தாள் என்றார். கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான், போங்கள். அழக்கூட நேரமில்லை. வந்த வழியே திரும்பினாள். வழியெல்லாம் சிமெண்டு லாரிகள். அவள் அரியலூர் தபால் ஆபீஸ் படி ஏறும்போது மணி பன்னிரண்டு அடித்துவிட்டது.

டோக்கன் மேசையில் இருந்த பானுப்ரியா முறைக்கவில்லை. அந்த நல்ல மனசுக்கு அவள் பிள்ளைகுட்டியோடு நன்றாயிருக்கட்டும். ஆனால் நேரம் போனது போனதுதான், ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஆள் இருக்கிறார்கள், யாராவது வராமல் போனால் அந்த இடத்தில் எடுக்கப் பார்க்கிறேன், உட்காருங்கள் என்றாள். மரிய புஷ்பம் உட்கார்ந்தாள்.

அங்கே காத்திருந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஆளுக்கொரு நம்பர், ஆளுக்கொரு நிமிஷம், கையில் போன். மரிய புஷ்பத்துக்குத் திருச்சி ஞாபகம் வந்தது. தொண்ணூற்றெட்டு மே. குவைத்திலிருந்து லீவில் வந்த ஆல்பர்ட், இந்தத் தடவை உன்னையும் கூட்டிப்போகிறேன் என்று பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினான். மதில் நிழலில் இரண்டு நாள். அவன் துண்டால் தலைக்கு நிழல் பிடித்தான், நுங்கு வாங்கிக் கொடுத்தான். வீட்டில் மாமியார், நாத்தனார், வந்த சனம் போன சனம் என்று இரண்டு மாத லீவில் பேச முடியாததையெல்லாம் அங்கே நின்று பேசினார்கள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த இரண்டு நாள் வேறு இல்லை.

அந்த வரிசைக்கு ஒரு சட்டம் இருந்தது. ஆபீஸ் போட்ட சட்டமில்லை, நின்றவர்களே போட்டுக்கொண்டது. பின்னால் வருகிறவனிடம் கெடு கேட்பார்கள். எந்தத் தேதிக்குள் பாஸ்போர்ட் வேண்டும்? கெடு நெருங்கியவன் முன்னால் போவான். மரிய புஷ்பத்துக்குக் கெடு எதுவும் இல்லை. புருஷனோடு இருக்கப் போகிறவளுக்கு என்ன கெடு? அதனால் அவளும் ஆல்பர்ட்டும் பதினோரு பேரை முன்னால் விட்டார்கள். இரண்டாம் நாள் சன்னல் மூடும்போது அவளுக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். மறுநாள் ஆல்பர்ட்டுக்குக் குவைத் பிளைட்.

"அடுத்த லீவுக்குப் பாத்துக்கலாம், புஷ்பம்."

அடுத்த லீவில் ஷாலினி இடுப்பில் இருந்தாள். அப்புறம் மாமியார் படுக்கையில் விழுந்தாள். அப்புறம் அவனே ஊரோடு வந்துவிட்டான். மூன்று வருஷத்துக்கு முன்னால் போயும் சேர்ந்துவிட்டான்.

மூன்று மணிக்கு வரவேண்டிய ஆள் ஒருவர் வரவில்லை என்று பானுப்ரியா வந்து சொன்னாள். மூன்றேகால் வரை பார்ப்போம் என்றாள். அடைக்கல மாதாவே, அந்த ஆள் வராமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட மரிய புஷ்பம், அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். யார் பெற்ற பிள்ளையோ!

மூன்றே கால் ஆகி, பானுப்ரியா அவள் பேரைக் கூப்பிட்ட நேரத்தில் அந்தப் பிள்ளை வந்து நின்றது. ஆண்டிமடத்து அறிவழகன், நாற்பது வயசிருக்கும். வண்டி பஞ்சராகி, சட்டை நனைய ஓடிவந்திருந்தான். இனி ஒருவருக்குத்தான் நேரம், அம்மா, நீங்கள்தான் முதலில் வந்தவர், உள்ளே போங்கள் என்றாள் பானுப்ரியா.

போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவன் மூச்சு வாங்குவதைப் பார்த்ததும் கால் நகரவில்லை.

"தம்பி, உங்களுக்குக் கெடு எப்ப?"

அவன் விழித்தான்.

"எந்தத் தேதிக்குள்ள போயாவணும்?"

"சிங்கப்பூர் வேலைங்கம்மா. ஜூன் முப்பதுக்குள்ள சேரணும். உங்களுக்கு?"

"பதினெட்டு. மவளுக்குத் தலைப்பிரசவம்."

அவன் பதினேழு என்று சொல்லியிருந்தால் அவள் மறுபடி உட்கார்ந்திருப்பாள். அவளுக்கே அது தெரியும். அறிவழகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விரல் விட்டு எண்ணினான்.

"எனக்குப் பன்னெண்டு நாள் கூட இருக்கும்மா. நீங்க போங்க."

சொல்லிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றான். ஒரு வரிசையில் அவளுக்காக ஒருவர் ஒதுங்கியது அதுதான் முதல் தடவை. அவள் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே கேமரா முன்னால் உட்கார வைத்தார்கள். படத்தில் சிரிக்கக் கூடாது, வாயை மூடிக்கொள்ளுங்கள் என்றார்கள். மூடத்தான் பார்த்தாள். பதினோரு பேரை முன்னால் விட்டுவிட்டு, துண்டை அவள் தலைக்கு மேல் பிடித்தபடி ஆல்பர்ட் அந்த மதிலோரம் அசடு வழிய நின்றது ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. நாலாவது தடவைதான் படம் சரியாக விழுந்தது.