மீன் ஒட்டிய ஜாடி

மேஸ்திரி தேசப்பனின் வாயில் மண்ணைப் போட வேண்டும். இதை நான் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஆறவில்லை.

திருவொற்றியூரில் எங்கள் பீங்கான் கம்பெனியில் பெண்களுக்கு மண் பிசையும் வேலை மட்டும்தான். சக்கரத்தில் ஆண்கள்தான் உட்காருவார்கள். ஒருநாள் சாப்பாட்டு வேளையில், மிச்ச மண்ணைக் கயிறாகத் திரித்து, வளையம் வளையமாக அடுக்கி, கையாலேயே ஒரு பூ ஜாடி செய்தேன். மீன்பிடிக் குப்பத்துக்காரி நான், கழுத்தைச் சுற்றி மீன்களை ஒட்டினேன். சூளையிலிருந்து வந்ததும் கம்பெனித் துரை அதை எடுத்துப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். தான்தான் என்றான் தேசப்பன். கூசாமல் சொன்னான். நான் மூன்றடி தள்ளி மண்ணும் கையுமாக நின்றேன். வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்ட என்னையும் செருப்பால் அடிக்க வேண்டும்.

துரை ஜாடியைத் தன் அறையில் வைத்துக்கொண்டார். கண்காட்சிக்கு அதே மாதிரி இன்னொன்று வேண்டும், செய்தவனுக்கு ஜாடி வேலைக்கென்றே தனி இடம் உண்டு என்றார். அந்த இடம் எனக்கு வரவேண்டியது. தேசப்பனுக்கு மண்ணைத் திரிக்கக்கூட வராது. என்னிடம் வந்து, செய்து கொடு, பிறகு துரையிடம் உண்மையைச் சொல்கிறேன் என்றான். நம்பித் தொலைத்தேன்.

கம்பெனிக்கு வரும் எண்ணூர்க் கழிமுகத்து மண்ணில் கிளிஞ்சல் கிடக்கும். கரைத்துச் சலித்து, விரலால் தடவித் தடவிப் பொறுக்க இரண்டு நாள் ஆகும். ஒரு துணுக்கு தங்கினாலும் சூளையில் சுண்ணாம்பாகி, பிறகு ஈரக்காற்று பட்டதும் பொரிந்து ஜாடியை உடைத்துவிடும். எடுத்துச் சொன்னேன். பொறுக்க நேரமில்லை என்று சலிக்காத மண்ணை அவனே என் முன் கொட்டினான்.

அந்த மண்ணிலேயே செய்தேன்; ஜாடி பளபளவென்றுதான் வந்தது. நான்கு நாள் நன்றாக இருந்தது. ஐந்தாம் நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ள, மீன்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, வயிற்றில் விரிசல் ஓடியது.

துரை எங்களை அறைக்குக் கூப்பிட்டு, இதை யார் செய்தது என்று கேட்டார்.

"கெங்கம்மா செஞ்சது தொரை" என்றான் தேசப்பன்.

துரையிடம் என் பெயரை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் முன்னால் வந்து, அறையில் இருந்த முதல் ஜாடியைக் காட்டிச் சொன்னேன்.

"ஆமா தொரை, இத்த நான்தான் செஞ்சேன். அதோ முழுசா கீதே, அத்தயும் நான்தான் செஞ்சேன். மண்ணு கொண்டாரச் சொல்லு. ரெண்டு பேரும் இங்கயே குந்தறோம்."

மண் வந்தது. நான் தரையில் உட்கார்ந்து திரிக்க ஆரம்பித்தேன். தேசப்பன் நின்றுகொண்டே இருந்தான்.