ஒரு கொத்து இலை

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த வார்டு ஆயாவுக்கும் அவள் அக்காதான். பதினாறு வருஷமாகக் காலை எட்டு மணியிலிருந்து மதியம் இரண்டு வரைக்கும் அவள் கண்ணில் படுவதெல்லாம் கறுப்பும் வெள்ளையும்தான். விலா எலும்பு, இடுப்பெலும்பு, ஏதோ ஒரு குழந்தை விழுங்கிவைத்த நாணயம். அதனாலோ என்னவோ, பழைய கேமரா ஒன்று கைக்கு வந்ததிலிருந்து சிவப்பாக எதைப் பார்த்தாலும் அவளுக்குக் கால் அங்கேயே நின்றுவிடும்.

முதல் நல்ல படம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே கிடைத்தது. சலவைக்கூடத்துக்குப் பின்னால் தூக்கிப்போட்டிருந்த உளுத்த மரக்கட்டிலின் காலில், மழை விட்ட மறுநாள், சட்டைப் பித்தான் அளவுக்கு நாலு சிவப்புக் காளான்கள் கிண்ணம் கிண்ணமாகப் பூத்திருந்தன. வெள்ளைக் கோட்டோடு ஈரத்தரையில் குப்புறப் படுத்து எடுத்தாள். அக்கா மயங்கி விழுந்துவிட்டாள் என்று வாட்ச்மேன் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்.

அந்த வருஷம் ஊர்ப் புகைப்படச் சங்கம் ஒரு போட்டி அறிவித்தது. தலைப்பு, சிவப்பு. பறவை, பூச்சி, பூ, காளான் என்று நாலு படம், எல்லாம் இயற்கையில் எடுத்ததாக இருக்க வேண்டும், நாலும் ஒருவரே எடுத்ததாக இருக்க வேண்டும். காளான் அவளிடம் இருந்தது. நீர்த்தேக்கத்துப் படிக்கட்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமை காத்துக்கிடந்து சிவப்புத் தும்பியைப் படம் பிடித்தாள். இலையெல்லாம் உதிர்ந்து, முள்ளும் பூவுமாக நின்ற கல்யாண முருங்கை மரம் ஒன்று டிப்போ மதிலோரம் அகப்பட்டது. பறவை மட்டும்தான் பாக்கி.

"வீட்ல தக்காளி சிவப்பா இருந்து அழுகிப் போகுது, அது உன் கண்ணுல படாது" என்பார் கணவர். பஸ் டிப்போவில் டைம் கீப்பர். கேலி பேசுவாரே தவிர, அவள் கிளம்புகிற நாளில் மகளின் டிபன் டப்பாவைத் தானே கழுவிவைத்துவிடுவார்.

பறவையையும் அவளேதான் கண்டுபிடித்தாள். நீர்த்தேக்கத்துக்குப் பின்பக்கச் சரிவில் பாதை மேலே போகும், மரங்கள் கீழே நிற்கும். பாதையில் நின்றால் மரத்தின் நடுக்கிளை கண்ணுக்கு நேரே வரும். அங்கே ஒரு கிளைக்கவட்டில், தேநீர்க் கோப்பையைவிடச் சின்னதாக, மரப்பட்டை நிறத்திலேயே ஒரு கூடு. ஆண் பறவை தலை கறுப்பு, உடம்பெல்லாம் பற்றி எரிகிற சிவப்பு. பெண் மஞ்சள். உள்ளே மூன்று குஞ்சுகள். ஆனால் கூட்டுக்கு முன்னால் ஒரு கொத்து இலை திரை போட்டதுபோல் தொங்கியது. சிவப்பு பறந்து வரும், இலைக்குள் நுழையும், அவ்வளவுதான். ஒரு வாரம் போய் எடுத்ததில் உருப்படியாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று. இலை இடுக்கில் பாதி முகமும் கொஞ்சம் மார்பும்.

யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். பல் டாக்டரிடம் சொன்னாள்.

பல் டாக்டரும் சங்கத்தில் இருந்தார். பச்சிளங்குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்க வேண்டிய லென்ஸ் அவருடையது. அவளுடைய மகளுக்குப் பல்லில் கம்பி போட்டுவிட்டவரும் அவர்தான். மாதாமாதம் கிளினிக்கில் உட்காரும்போது இருவரும் படங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். சங்கத்தில் மற்றவர்கள் அவளை 'வாங்க சிஸ்டர்' என்று வரவேற்றுவிட்டு அதோடு விட்டுவிடுவார்கள். அவர் ஒருவர்தான் அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "ஃபோகஸ் கண்ணுல கரெக்டா உக்காந்திருக்கு" என்று சொன்னவர். அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே கூட்டைப் பற்றிச் சொன்னோம் என்று பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு இருவரும் சரிவுக்குப் போனார்கள். டாக்டர் அரைமணி நேரம் லென்ஸ் வழியாகப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"மேடம், இது வேலைக்கு ஆகாது. அந்த ஒரு கொத்துதான் இடைஞ்சல்."

"அது இருக்கட்டும் டாக்டர். காத்து அடிக்கும்போது கொஞ்சம் விலகுது. அப்ப எடுக்கலாம்."

"காத்து நம்ம அப்பன் வீட்டு வேலைக்காரனா, கூப்பிட்டா வர்றதுக்கு?"

சிரித்துக்கொண்டே பையிலிருந்து தோட்டத்துக் கத்தரியை எடுத்தார். வரும்போதே கொண்டுவந்திருந்தார். சரிவில் நாலடி இறங்கி, ஒரு கையால் கிளையைத் தாங்கிப் பிடித்து, பல் பிடுங்குகிறவருக்கே உரிய பூப்போன்ற கையால், ஒரே வெட்டு. கூடு அசையக்கூட இல்லை.

"வேணாம் டாக்டர்" என்று அவள் சொன்னாள். இலை கீழே விழுந்த பிறகுதான் வாயிலிருந்து வந்ததா, முன்னாலேயே வந்ததா என்பது இன்றுவரைக்கும் அவளுக்கு நிச்சயமில்லை.

"ஒண்ணும் ஆகாது மேடம். மரத்துக்கு இதெல்லாம் முடி வெட்டுற மாதிரி."

பத்து நிமிஷத்தில் ஆண் வந்தது. மாலை வெயில் அதன் மேல் நேராக விழுந்தது. மூன்று வாய்களும் திறந்துகொண்டன. டாக்டரின் கேமரா படபடவென்று அடித்தது. அவள் கேமராவைத் தூக்கக்கூடாது என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே தூக்கிவிட்டாள். பதினோரு படம். ஏழாவதில் அப்பனின் அலகும் குஞ்சின் வாயும் புழுவும் ஒரே கோட்டில், இறகில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக. வாழ்க்கையில் அப்படி ஒன்றை அவள் எடுத்ததே இல்லை. வீடு வரும்வரை நாலு தடவை வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை டியூட்டி முடிந்ததும் தனியாகப் போனாள். தூரத்திலேயே பெண் பறவையின் கத்தல் கேட்டது. வாயில் புழுவோடு, கிளையைச் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தது. கூட்டின் விளிம்பில் வந்து உட்காரும், குனியும், எழும்பும், மறுபடியும் வரும். கூடு ஒருபக்கம் கிழிந்து காலியாக இருந்தது. மேல் கிளையில் இரண்டு காகங்கள். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கூடு கடைத்தெருவில் பரப்பிவைத்தது மாதிரி பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. கீழே அந்த இலைக்கொத்து வாடிச் சுருண்டு கிடந்தது.

ஆண் அன்றைக்கு வரவே இல்லை. ஐந்தரை மணிவரை பார்த்துவிட்டு வந்தாள்.

டாக்டருக்குப் போன் செய்தாள். "அடடா" என்றார். நிஜமாகவே வருத்தமாகத்தான் சொன்னார். "இயற்கை மேடம். பத்துக் கூட்ல ஏழு இப்படித்தான் போகும். நாம வெட்டலேன்னாலும் காக்கா பாத்திருக்கும்."

போட்டிக்கு அவள் அந்த ஏழாவது படத்தை அனுப்பவில்லை. இலை இடுக்குப் படத்தைத்தான் அனுப்பினாள். டாக்டர் தன் நாலு படங்களில் பறவைக்கு அன்று எடுத்ததையே அனுப்பினார். முதல் பரிசு அவருக்குப் போனது. அவளுடைய நாலு படங்களும் கண்காட்சியில் கழிப்பறைக்குப் போகிற வழியில் மாட்டப்பட்டிருந்தன. காளான் படத்தை மட்டும் ஒரு நடுவர் பாராட்டினார், பறவையைப் பார்த்து, "சிவப்பு பத்தலையேம்மா" என்றார்.

மேடையில் டாக்டர் பேசினார். "ஒன்பது நாள் மரத்தோட மரமா நின்னேன். பறவை என்னை நம்புற வரைக்கும் பொறுமையா இருந்தேன். அதுதான் ரகசியம்." கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. கூடு எங்கே என்று கண்டுபிடித்தவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை.

மறுநாள் சங்கச் செயலாளரின் ஸ்டேஷனரி கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் நோட்டுக்கட்டைப் பிரித்தபடியே கேட்டுக்கொண்டார்.

"தொந்தரவு பண்ணி எடுத்தா தகுதி நீக்கம்னு விதி இருக்குதான். எழுத்துல குடுங்க சிஸ்டர், கமிட்டில வைக்கிறேன்." கொஞ்சம் தயங்கி, "பரிசு கிடைக்கலேன்னு சொல்ற மாதிரி ஆயிடக்கூடாது, அதான்" என்றார்.

எழுதிக் கொடுத்தாள். ஒரு பக்கம்கூட வரவில்லை. நாள், நேரம், கத்தரி, காலிக்கூடு.

கடிதம் டாக்டர் காதுக்கு எப்படிப் போனதோ, அன்று சாயங்காலமே அவரிடமிருந்து போனுக்கு ஒரு படம் வந்தது. அவளுக்கே தெரியாமல் சரிவில் எடுத்தது. அவள் முழங்காலிட்டுக் கேமராவைக் கண்ணில் வைத்திருக்கிறாள். வாய் கொள்ளாத சிரிப்பு. அவள் காலுக்குக் கீழே சரிவில், பச்சை வாடாத இலைக்கொத்து. படத்துக்குக் கீழே, "அருமையான நாள் மேடம், மறக்கவே முடியாது" என்று மட்டும் எழுதியிருந்தது.

மிரட்டல் என்று அதில் ஒரு எழுத்து இல்லை. அவள் அதைக் கணவரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நீயும் எடுத்தியா?"

"எடுத்தேன்."

"அதை லெட்டர்ல எழுதினியா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"எழுதலாம்மா. எழுதினா சரிதான். ஆனா அப்புறம் உன்னையும்தான் வெளியே அனுப்புவாங்க. பிள்ளைக்கு வேற இன்னும் ஒரு வருஷம் அவர்கிட்டதான் வாயைத் திறக்கணும்." போனைத் திருப்பிக் கொடுத்தார். "நான் எது சொன்னாலும் தப்பாதான் இருக்கும். நீயே முடிவு பண்ணு."

இரண்டு நாள் யோசித்தாள். இரண்டாவது கடிதம் ஒன்று எழுதினாள், தன் பெயரையும் சேர்த்து. 'நானும் பதினோரு படம் எடுத்தேன்' என்ற வரிவரைக்கும் வந்தாள். அதற்கு மேல் போகவில்லை. மூன்றாம் நாள் கடைக்குப் போய் முதல் கடிதத்தைத் திரும்பக் கேட்டாள். செயலாளர் பெருமூச்சு விட்டு, மேஜை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவர் அதைக் கமிட்டியிடம் காட்டியிருக்கவே இல்லை. "நல்ல முடிவு சிஸ்டர். வயித்தெரிச்சல்னு நாலு பேர் பேசுவாங்க, எதுக்கு வம்பு" என்றார்.

மாதம் பிறந்ததும் மகளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் எப்போதும்போல எழுந்து வரவேற்றார். மகளின் வாய்க்குள் விளக்கைப் பிடித்துக் கம்பியை முறுக்கும்போது, "வலிச்சா கையைத் தூக்கும்மா" என்று அத்தனை பரிவாகச் சொன்னார். மகள் கையைத் தூக்கவே இல்லை. வெளியே வந்ததும், "வலிக்கவே இல்லம்மா. இவர் கை மாதிரி யாருக்கும் வராதும்மா" என்றாள். அவள் ஆமாம் என்றாள்.

மழைக்காலத்தில் டாக்டர் பரிசு வாங்கிய அந்தப் பறவைப் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி ஆஸ்பத்திரிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். நோயாளிகளுக்கு மனசுக்கு இதமாக இருக்கட்டும் என்று பெரிய டாக்டர் அதை எக்ஸ்ரே அறைக்கு வெளியே, பெஞ்சுக்கு எதிரே மாட்டச் சொன்னார். கை ஒடிந்தவர்களும் நெஞ்சுச்சளிக்காரர்களும் தங்கள் முறை வரும்வரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நேற்று ஒரு அம்மாள், தோளெலும்பு பிசகி வந்தவர், மேஜையில் படுத்தபடி கேட்டார். "வெளியே மாட்டியிருக்கே, அந்தக் குருவி, குஞ்சுக்கு ஊட்டுதே. எவ்ளோ பாசம் பாத்தியாம்மா. அந்தக் குஞ்சுங்கள்லாம் இப்போ பெருசாயிருக்கும், இல்ல?"

அவள் அந்த அம்மாளின் கையை மெதுவாகப் பலகை மேல் நேராக வைத்தாள். "இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, தடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.