பங்குபற்றிச் சிறப்பிக்கவும்

நிருஷாவுக்கு வாய் கொஞ்சம் கூட. அதை அவளே மறுக்கமாட்டாள். ஜெர்மனியின் ஹம் நகரத்து பேஸ்போல் கழகத்தின் கூட்டத்தில் தலைவர் உல்ரிக் எழுந்து, கோடை முடிந்ததும் மைதானத்தைப் பக்கத்து உதைபந்தாட்டக் கழகத்துக்கு விட்டுக்கொடுக்கப்போவதாகச் சொன்னபோது, மற்றவர்கள் எல்லோரும் மேசையைத்தான் பார்த்தார்கள். வாடகை ஏறிவிட்டது, அங்கத்தவர் சந்தா செலவுக்குக் காணாது, ஆட்டம் பார்க்க வருவதோ ஆடுகிறவர்களின் மனைவிமாரும் இரண்டு நாய்களும். இதில் யார் என்ன சொல்ல இருக்கிறது?

"சனம் காசு கொடுத்துப் பார்க்க வந்தால்?" என்று நிருஷா கேட்டாள்.

"எந்தச் சனத்தை?" என்றார் உல்ரிக். "இந்த ஊரில் இந்த விளையாட்டு என்னவென்றே ஒருவருக்கும் தெரியாது."

"அதை என்னிடம் விடுங்கள். இந்தக் கோடையின் முதல் ஆட்டத்தன்றே அந்தப் படிக்கட்டு இருக்கைகளை நிரப்பிக் காட்டுகிறேன்."

உல்ரிக் நல்ல மனிதர், ஆனால் வெறும் பேச்சுக்கு மசிகிறவர் அல்லர். காற்சட்டைப் பையிலிருந்து மைதானத்து வாசல் பூட்டின் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார். "ஒருநாள் நிரம்பினால் போதாது, நிருஷா. அவர்கள் திரும்பவும் வருவார்கள் என்று எனக்கு நம்பிக்கை வரவேண்டும். வராவிட்டால் இந்தத் திறப்பை நானே கொண்டுபோய்ப் பக்கத்துக் கழகத்தில் கொடுத்துவிடுவேன்."

"சரி" என்றாள் நிருஷா. எப்படி என்பதை அவள் அப்போது யோசித்திருக்கவில்லை. வாய் முன்னால் போகும், மூளை பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். அவளுடைய வழக்கம் அது. பெரும்பாலும் இரண்டும் ஓரிடத்தில் சந்தித்துக்கொள்ளும் என்பதால் அவளுக்குத் தன்மேல் நம்பிக்கை குறைந்ததே இல்லை.

அந்த மைதானம் அவளுக்கு வெறும் புல்தரை அல்ல. ஏழு வயதில் ஜெர்மன் மொழி ஒரு சொல்லும் தெரியாமல் ஹம்முக்கு வந்தவள். வகுப்பில் வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்து விளையாட்டு வாரத்தில் ஒருநாள் எல்லோரையும் இங்கே கூட்டிவந்து கையில் மட்டையைக் கொடுத்தார்கள். அவள் அடித்த பந்து வேலிக்கு அப்பால் போனது. சிரித்த பிள்ளைகள் எல்லாம் அவளுடைய பெயரைத் தப்பும் தவறுமாகக் கத்திக்கொண்டு துள்ளினார்கள். இந்த ஊர் தன்னுடைய ஊரும்தான் என்று அவளுக்கு முதன்முதலில் தோன்றியது அந்த வேலிக்குள்ளேதான். இப்போது கழக அணியில், பந்தை அடிப்பவருக்குப் பின்னால் முகக்கூடு போட்டுக்கொண்டு குந்தியிருந்து பிடிப்பவள் அவள். 

"அதுதான் உந்தக் குந்தியிருக்கிற விளையாட்டோ?" என்று, ஐந்து யூறோ கட்டணத் திட்டத்தை நிருஷா சொன்னதும் கேட்டாள் அவளுடைய அம்மா பாலாம்பிகை. புகையிரத நிலையத்துக்குக் கிட்ட மரக்கறிக்கடை வைத்திருப்பவள். இத்தனை வருடத்தில் மகளுடைய ஆட்டத்தை ஒருதடவைகூடப் போய்ப் பார்க்காதவள். கேட்டால் கடையைக் காரணம் சொல்லுவாள். "ஆர் பிள்ளை ஐஞ்சு யூறோ குடுத்து நீ குந்தியிருக்கிறதைப் பாக்க வருவினம்? கிறிக்கெற் எண்டால் வருவினம். எல்லே எண்டாலும் பறவாயில்லை."

"எல்லேயோ? அதென்னம்மா?"

பாலாம்பிகை முருங்கைக்காய்க் கட்டைக் கீழே வைத்தாள். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "பள்ளிக்கூடத்தில நாங்கள் விளையாடினது. பொல்லால பந்தை அடிச்சுப்போட்டு ஓடுறது. நாலு இடத்தில தரிப்பு இருக்கும். சுத்தி வந்தால் ஒரு ஓட்டம். கலியாணத்துக்கு முந்தி நான் எப்பிடி ஓடுவன் தெரியுமோ?"

"அம்மா! அதுதானே இது!"

அன்று பின்னேரமே நிருஷா விளம்பரத்தாளை எழுதிவிட்டாள். 'ஹம் நகரில் எல்லே!' என்று மேலே பெரிதாகப் போட்டாள். பிறகு இடம், நாள், நுழைவுக் கட்டணம் ஐந்து யூறோ. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழுக்கு அதுவரை வருவதே பெரிய காரியம். எப்படி முடிப்பது என்று தெரியாமல் கடைச் சுவரை நிமிர்ந்து பார்த்தாள். பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா, தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா என்று ஒட்டியிருந்த எல்லா அறிவித்தல்களும் ஒரே வரியில்தான் முடிந்தன. அதை அப்படியே பார்த்து எழுதினாள்: 'அனைவரும் பங்குபற்றிச் சிறப்பிக்கவும்.' கடிதத்தின் அடியில் கையெழுத்து இருப்பதுபோலத் தமிழ் அறிவித்தலின் அடியில் இந்த வரி இருக்கும் என்பது அவளுடைய எண்ணம். அதற்கு ஒரு பொருளும் இருக்கலாம் என்று அவள் யோசிக்கவே இல்லை.

தாள் கடையிலிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து எல்லோருடைய கைபேசிக்கும் போனது. நம்முடைய சனத்திடம் ஒரு செய்தி போய்ச் சேரத் தபால் முத்திரை தேவையில்லை.

ஆட்ட நாளன்று வெய்யில் நன்றாகவே எறித்தது. ஹம் தமிழர்கள் குடும்பம் குடும்பமாக, பாயும் பலகாரமுமாக வந்து இறங்கினார்கள். கடையைப் பூட்டிவிட்டுப் பாலாம்பிகையும் வந்தாள். எல்லே என்ற சொல் அவளை இழுத்துக்கொண்டு வந்தது. மகள் இழுத்தபோது வராத ஆள். பிறகு இன்னொரு நகரமான வுப்பர்டாலிலிருந்து புகையிரதம் வந்தது. அதிலிருந்து ஒரே நிறச் சட்டை போட்ட ஒரு தமிழ்க் கூட்டம், நடுவிலே ஒரு நீளமான மூங்கில் பொல்லு, முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு மனிதர். பெயர் சோதிலிங்கம். வயது ஐம்பத்தெட்டு என்று அவரே சொன்னார், நிருஷா கேட்காமலே. வாசலில் எல்லோரும் மறுபேச்சில்லாமல் காசைக் கொடுத்தார்கள். அவர்களுடைய சட்டையைப் பார்த்து நிருஷா மனம் குளிர்ந்துபோனாள். ரசிகர்கள் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்!

இருக்கைகள் நிரம்பின. இடமில்லாதவர்கள் புல்லில் பாய் விரித்தார்கள். உல்ரிக் இரண்டு தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். அன்றைக்கு எதிரணியோடு இரண்டு ஆட்டம், நடுவில் ஓர் இடைவேளை. முதல் ஆட்டத்தைச் சனம் மிகுந்த பொறுமையோடு பார்த்தது. அந்தப் பொறுமை நிருஷாவுக்குக் கொஞ்சம் உறுத்தியது. கலியாண வீட்டில் சாப்பாட்டுப் பந்திக்குக் காத்திருக்கிறவர்களின் பொறுமை அது.

ஆட்டம் முடிந்ததும் சோதிலிங்கம் மைதானத்துக்குள் இறங்கி வந்தார். பின்னால் அவருடைய ஆட்கள், கையில் பொல்லு.

"பிள்ளை, இப்ப எங்கட மட்ச்தானே?"

"என்ன மட்ச் அண்ணை?"

"நாங்கள் விளையாடத்தானே வந்தனாங்கள். நுழைவுக் கட்டணமும் கட்டியாச்சு." அவர் கைபேசியை நீட்டி, தாளின் கடைசி வரியில் விரலை வைத்தார். "பங்குபற்றச் சொல்லி நீங்கள்தானே எழுதியிருக்கிறியள்? வேலை நேரங்களை மாத்திக் குடுத்துப்போட்டு வந்திருக்கிறம், பிள்ளை."

நிருஷா அந்த வரியைத் திரும்ப வாசித்தாள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்திருந்தது. பார்க்கத்தான் கூப்பிட்டேன் என்று சொன்னால் இந்தச் சனம் எழுந்து போய்விடும், இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. இருக்கைகளைத் திரும்பிப் பார்த்தாள். ஹம் ஆட்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். வுப்பர்டால்காரர் பொல்லோடு நடு மைதானத்தில் நிற்கிறார்கள், ஹம்முக்கு என்று ஓர் அணி இல்லை. அந்த முகங்களில் இருந்தது ரோசம். அதைக் கண்டதும் அவளுடைய மூளை வாயை எட்டிப் பிடித்துவிட்டது.

"ஓம் அண்ணை, இப்ப உங்கட மட்ச்தான்" என்றாள். பிறகு இருக்கைகளைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "வுப்பர்டால் வந்திட்டுது! ஹம்முக்கு ஆர் இறங்கிறியள்?"

கேட்டு முடியவில்லை, பத்துப் பேர் சப்பாத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஆள் காணாத இடத்துக்குக் கழகத்துப் பெடியன்களையும் உல்ரிக்கையும் பிடித்துப் போட்டாள். பாலாம்பிகையை ஒருவரும் கூப்பிடவில்லை. அவள் நேராகப் போய் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தாள். ஒலிவாங்கி இல்லாமல் தமிழனுக்கு ஏது விளையாட்டுப் போட்டி?

உல்ரிக் பொல்லைத் தோளில் வைத்துக்கொண்டு எதிரணி எறிவதற்காகக் காத்துநின்றார். எல்லேயில் சொந்த அணிக்காரன்தான் பந்தைத் தூக்கிப் போடுவான் என்று நிருஷா சொன்னதும் அவருக்கு வாய் மூடவில்லை.

"எங்கள் ஆளே எங்களுக்கு எறிவானா? எத்தனை நாகரிகமான விளையாட்டு!"

அடித்துவிட்டு ஓடினார். இரண்டாவது தரிப்புக்குக் கிட்டப் போகும்போது சோதிலிங்கம் எறிந்த ரெனிஸ் பந்து அவருடைய முதுகில் பட்டென்று விழுந்தது. எல்லேயில் ஓடுகிறவனைப் பந்தால் எறிந்துதான் ஆட்டமிழக்கச் செய்வார்கள் என்பதை நிருஷா அவருக்குச் சொல்ல மறந்துபோனாள்.

"உல்ரிக் அண்ணை அவுட்!" என்று பாலாம்பிகை ஒலிவாங்கியில் அலறினாள். "வெள்ளைச் சேட்டில நல்ல வடிவா அடையாளம் விழுந்திட்டுது!" இருக்கைகள் அதிர்ந்தன. உல்ரிக்கும் முதுகைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

வுப்பர்டால் வென்றது. வென்றதும் சோதிலிங்கம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நேரே நிருஷாவிடம் வந்தார்.

"கிண்ணம் எங்க, பிள்ளை?"

"கிண்ணமோ?"

"கிண்ணம் இல்லாத போட்டியோ? அப்பிடியெண்டால் நுழைவுக் காசைத் திருப்பித் தாங்கோ. எல்லாருக்கும்." அவர் கோபத்தில் பேசவில்லை. முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா என்ற குரலில் பேசினார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"பரிசளிப்புக் கடைசியிலதானே அண்ணை. இன்னுமொரு மட்ச் இருக்கு."

"ஓமோம்," என்று அவர் உடனே தலையாட்டினார். "பரிசளிப்பு எப்பவும் கடைசியிலதான்."

போய் அமர்ந்தார். அவர் அமர்ந்ததும் மற்றவர்களும் அமர்ந்தார்கள். பரிசளிப்புக்கு முன்னால் எழுந்து போகிற வழக்கம் நம்மவர்களிடம் கிடையாது. அந்த வழக்கத்தை நிருஷா மனதார வாழ்த்தினாள்.

கழகத்திடம் இருந்தது ஒரே ஒரு கிண்ணம். பல வருடங்களுக்கு முன்பு மேல் பிரிவுக்கு ஏறியபோது வென்றது, கழக அறைக் கண்ணாடி அலுமாரியில் இருந்தது. உல்ரிக்கிடம் கேட்டாள்.

"முடியாது, நிருஷா. அந்த வருடம் பந்து எறிந்தவன் நான்."

"கொடுத்துவிடச் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், சுழற்கிண்ணம். உங்களிடமும் அதற்குச் சொல் இருக்கிறது."

 "வாண்டர்போக்கால்" என்று உல்ரிக் மெல்லச் சொன்னார். கை கையாகச் சுற்றுகிற கிண்ணம். தருவேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லாமல் இருக்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பதில் தெரியாமலே நிருஷா முகக்கூட்டைப் போட்டுக்கொண்டு குந்தினாள். இந்த ஆட்டத்தை யாரும் பொறுமையாகப் பார்க்கவில்லை. ஒருதடவை தாங்களே ஓடி விழுந்து எழும்பிய பிறகு சனத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தரிப்பை விட்டு எவனாவது கள்ளமாக நகர்ந்தால் வுப்பர்டாலும் ஹம்மும் சேர்ந்து கத்தின. கடைசிச் சுற்றில் எதிரணிக்காரன் ஒருவன், மலைபோல உடம்பு, கடைசித் தரிப்பை நோக்கிப் பாய்ந்து வந்தான். தூரத்திலிருந்து எறிந்த பந்து நிருஷாவின் கையுறைக்குள் வந்து விழவும் அவன் வந்து மோதவும் சரியாக இருந்தது. இருவரும் புழுதியில் உருண்டார்கள். புழுதி அடங்கியபோது அவள் குப்புறக் கிடந்தாள், கையுறை மட்டும் மேலே உயர்ந்திருந்தது. பந்து அதற்குள் இருந்தது; ஓடிவந்தவன் ஆட்டமிழந்தான்.

 ஒலிவாங்கியில் பாலாம்பிகையின் குரல், உடைந்துபோய்: "அது என்ர பிள்ளை. கேட்டியளோ? அது என்ர பிள்ளை!"

நிருஷா உடனே எழுந்திருக்கவில்லை. முகக்கூட்டுக்குள்ளே அழுதாள், சந்தோஷமாக அழுதாள். வெளியே யாருக்கும் தெரியாதது வசதியாக இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் உல்ரிக் கழக அறையிலிருந்து வந்தார். கையில் கிண்ணம், அதைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே நடந்தார். சோதிலிங்கத்தின் கையில் கொடுத்துவிட்டு ஒலிவாங்கியில் ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னார். பாலாம்பிகை அதை வாங்கித் தமிழில் முழங்கினாள்: "இது சுழற்கிண்ணம்! அடுத்த ஆட்டத்தண்டைக்கு வுப்பர்டால்காரர் இதைத் திருப்பிக் கொண்டுவரவேணும்!"

"கொண்டுவாறம்! கொண்டும் போவம்!" என்று சோதிலிங்கம் கிண்ணத்தைத் தலைக்குமேல் தூக்கினார். அவருடைய ஆட்கள் பாடிக்கொண்டே புகையிரத நிலையத்துப் பக்கம் நடந்தார்கள். ஹம் சனம் வேலியோரமாக நின்று, தங்கள் ஊர்க் கிண்ணம் தெருவால் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"அடுத்த மட்ச் எப்ப, நிருஷா?" என்று ஒருவர் கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல முன்னம் இன்னும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். "என்ர மச்சான் டோர்ட்முண்டில இருக்கிறான், நல்லா ஓடுவான், கூட்டிவரலாமோ?" "ரிக்கெற்றை இப்பவே எடுத்து வைக்க ஏலாதோ?"

"என்ன கேட்கிறார்கள்?" என்றார் உல்ரிக்.

நிருஷா மொழிபெயர்த்தாள். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை; கூட்டத் தேவையிருக்கவில்லை. உல்ரிக் முதுகிலே பந்து பட்ட இடத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு காற்சட்டைப் பையிலிருந்து வாசல் திறப்பை எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தார்.

"அடுத்தமுறை நீ வந்து திற. கொஞ்சம் நேரத்தோடு திற."

பாலாம்பிகை பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். மகளுடைய முகத்தில் ஒட்டியிருந்த புழுதியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

"நோட்டீஸ் திரும்ப அடிக்கேக்க எனக்கு ஒருக்காக் காட்டு" என்றாள். "எழுத்துப்பிழை கிடக்கு, திருத்தித் தாறன். ஆனால் அந்தக் கடைசி வரியை மட்டும் மாத்திப்போடாதை."