கோணல் மூக்குப் பாலாடை

விருத்தாசலத்தில் கோதண்டபாணியின் பீங்கான் பட்டறையில் அச்சு வேலை பார்த்தவள் அமிர்தம். அங்கே எந்தப் புதுச் சாமானும் நேராகக் கடைக்குப் போகாது. சூளையில் முதலில் வெந்த பன்னிரண்டையும் நாலு ஊர் வூடுகளுக்குச் சும்மா கொடுப்பார்கள். புழங்கிப் பார்த்துக் குறை சொன்னால் போதும். குறை தீர்த்துப் புதுசு வந்ததும் பழசை வாங்கி உடைத்துவிடுவார்கள். வெள்ளோட்டச் சாமான் விற்கிற சாமானோடு கலந்தால் பட்டறைப் பேரு கெட்டுவிடும், பாருங்கள்.

எழுபத்திரண்டில் பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடை ஒன்று செய்தாள் அமிர்தம். வெள்ளோட்டம் போனதில் பதினொன்று திரும்பித் தூளாயின. ஒன்று மட்டும் வரவில்லை. பெண்ணாடத்தில் கரும்பு வெட்டும் பாஞ்சாலை தரமாட்டேன் என்றாளாம். அதை உடைத்த சில்லைக் கண்ணால் பார்க்காமல் புதுசு கடைக்குப் போகாது என்றுவிட்டார் கோதண்டபாணி. அமிர்தமே பஸ்ஸேறினாள்.

பாஞ்சாலையின் பாலாடையைப் பார்த்ததும் அமிர்தத்துக்கு வெட்கமாகப் போயிற்று. சூளையில் தீக்கு நேரே இருந்திருக்கும்போல, மூக்கு இடப்பக்கம் கோணியிருந்தது. கவனிக்காமல் கொடுத்துவிட்டாள்.

"இந்தக் கோணலையா வெச்சிருக்க? நல்லதா கொண்டாந்திருக்கேன், புடி."

"நீங்களே ஊட்டிப் பாருங்கக்கா."

அப்போதுதான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள் அமிர்தம். ரெண்டு மாசப் பெண். மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. மாரில் சப்ப முடியாத பிள்ளை. புதுப் பாலாடையின் நேர் மூக்கு பிளவில் இறங்கியது. பால் பிள்ளையின் மூக்கு வழியே வந்து, அது திணறியது.

பாஞ்சாலை பிள்ளையை வாங்கி முதுகைத் தட்டினாள். பிறகு பழசில் பாலை ஊற்றிக் கொடுத்தாள். கோணல் மூக்கு பிளவை ஒதுக்கிவிட்டுக் கன்னத்துக்குள் போய் உட்கார்ந்தது. கடக், கடக்கென்று தொண்டை இறங்கி ஏறியது.

அமிர்தம் குனிந்து அந்தக் கோணலைப் பார்த்தாள். அவள் கை செய்யாத வளைவு. தீ வளைத்தது. இந்த ஒரு பிள்ளையின் வாய்க்கென்றே அளவெடுத்த மாதிரி!

"இது கை தவறினா எம் பொண்ணு என்னக்கா ஆவும்?"

அமிர்தம் வெள்ளாற்றுக்குப் போய்க் களிமண் அள்ளி வந்தாள். பாஞ்சாலை பாலாடையைக் கையிலிருந்து விடவில்லை. அவள் பிடித்தபடி இருக்க, அமிர்தம் அந்த மூக்கைச் சுற்றி மண்ணை அப்பி, ஈரம் இழுத்தபின் ரெண்டாகப் பிளந்து அச்சாக எடுத்தாள்.

முதலாளிக்குக் காட்டச் சில்லு இல்லை. திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமும் இல்லை. கம்பியைப் பிடிக்காமல், மண்ணச்சை ரெண்டு கையாலும் ஏந்தி நின்றபடியே வந்தாள்.