வேலியோரத்து உப்புச்சவுக்கு

எலோடியா கடப்பாரையை இறக்கிய இடத்திலெல்லாம் வேர் அறுந்தது. கபோர்க்கா மணல்வெளியில், ஃபௌஸ்தினோவின் திராட்சைத் தோட்டத்து வேலியோரம், இடுப்பளவுக் குழிக்குள் பத்துப் பெண்கள் நின்று வெட்டினார்கள். வேலிக்கு வெளியிலிருந்து சொட்டுநீர்க் குழாய்களைத் தேடி விரல் பருமனில் வேர்கள் வந்திருந்தன.

"எவ வச்ச மரம்க்கா இது? சரியான வயித்தெரிச்சல்காரியா இருப்பா போல," என்றாள் பக்கத்தில் நின்ற தோமசா.

"நான்தான்டி வச்சேன்."

"தெரிஞ்சுதானே கேட்டேன்."

இருவரும் குனிந்து சிரித்தார்கள்.

ஆறு வருடத்துக்கு முன் ஃபௌஸ்தினோ போட்ட ஆழ்துளைக் கிணறு, வேலிக்கு வெளியே இருந்த எலோடியாவின் கிணற்றை வறட்டிவிட்டது. இன்னும் ஆழம் தோண்ட அவள் புருஷன் நபோர் உள்ளே இறங்கினான். ஊற்று கிடைத்தது, கூடவே மண்ணும் சரிந்தது. சாவுக்கு ஃபௌஸ்தினோ இரண்டு பெட்டி உலர்திராட்சை அனுப்பினான். எலோடியா அதை ஆடுகளுக்குக் கொட்டினாள். மறுவாரமே உப்புச்சவுக்குக் கிளைகளை ஒடித்து வந்து, வேலி நெடுகத் தன் பக்கத்தில் ஊன்றினாள். காற்றைத் தடுக்க அந்த ஊரில் எல்லோரும் நடுகிற மரம்தான். ஈரம் இருக்கிற பக்கம் வேரை ஓட்டும், உதிர்கிற இலையால் மண்ணை உப்பாக்கும். கூலிக்குக் கூப்பிட்டால் தவிர அவளை வேலிக்குள் விடமாட்டார்கள், வேருக்கு யார் காவல்?

"மணல் அடிக்கிறதே நின்னு போச்சு எலோடியாம்மா, உங்க புண்ணியம்," என்று ஃபௌஸ்தினோ ஒருநாள் நன்றி சொன்னான். அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள். இந்த வருடம் வேலியோரத்து நாலு வரிசைக் கொடிகள் மஞ்சளடித்தபோது அவள் மனம் குளிர்ந்தது.

இப்போது அவனே குழியோரம் வந்து நின்றான். கறுப்பு பிளாஸ்டிக் தாள் சுருள் சுருளாக இறங்கியது.

"மரம் உங்க நிலத்துல இருக்கு, நான் தொட மாட்டேன். வேரு என் நிலத்துல இருக்கு. தாளை நல்லா நிமிர்த்திப் போடுங்கம்மா. இனிமே அது உங்க பக்கமே குடிச்சுக்கட்டும்."

கூலிக்கு வேறு தோட்டம் இல்லை. அவளே தாளை நிமிர்த்தி வைத்து மண்ணைத் தள்ளினாள்.

மூன்றாம் மாதம் அவள் கிணற்றில் விட்ட வாளி பாதிகூட நிறையாமல் ஏறியது. சிவப்புச் சல்லிவேர்கள் அதில் மிதந்தன. தோமசா கோடரியோடு வந்தாள்.

"வெட்டிடலாம்க்கா. குடிக்கக்கூட மிஞ்சாது."

"வெட்டுனா அவன் ஜெயிச்சுருவான்டி. அந்தத் தாளை எவ்வளவு ஆழம் போட்டோம்?"

"நம்ம இடுப்பு மட்டும்."

"அவ்வளவுதானே?"

நபோர் உயிரைக் கொடுத்து எடுத்த தண்ணீரை எலோடியா மரத்தடியில் கவிழ்த்தாள்.

"குடி. குடிச்சுட்டு அதுக்கும் கீழ போ."

வேலிக்கு அந்தப் பக்கம், துளிர்விட்ட கொடிகளின் காலடியில், சொட்டுக்குழாய்கள் ஒரே சீராக ஒழுகிக்கொண்டிருந்தன.