மூன்று பக்கமும் ஓர் அஞ்சலட்டையும்

காலை ஐந்து மணிக்கு லாண்டிரியின் இரும்புக் கதவு திறக்கும்போதே முதல் லாரி வந்து நிற்கும். மருத்துவமனை விரிப்புகள் மூட்டை மூட்டையாக இறங்கும். ரத்தம், மருந்து, வியர்வை எல்லாம் ஊறிய மூட்டைகள். அவை வெளுத்துப் பிழிந்து ஈரமாக ரோலருக்கு வரும். இரண்டு ஆள் நீளத்துக்குக் கொதித்துக்கொண்டு சுழலும் இரும்பு உருளை அது. இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, விரிப்பை உதறி இழுத்து அதன் வாய்க்குள் கொடுக்க வேண்டும். ஆவி முகத்தில் அடிக்கும். மறுபக்கம் சுருக்கமில்லாமல் வெளியே வருவதை மடிப்பு மேசைக்காரிகள் மடிப்பார்கள். நிமிடத்துக்கு நான்கு விரிப்பு. உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது.

ரோலரின் இடது முனையில் பெரியவள். மடிப்பு மேசையில் சின்னவள். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். அடுப்பும் ஒன்று, வேலையும் ஓர் இடம். லாண்டிரியில் பெரியவளுக்கு இன்னொரு பெயரும் இருந்தது: மனுக்காரி. பள்ளிக்கூடத்துக்கு, மருத்துவமனைக்கு, தண்ணீர் வராத தெருவுக்கு என்று யார் எதற்கு எழுத வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருவார்கள். அச்சுக் கோத்ததுபோல் கையெழுத்து. "மேதகு ஐயா அவர்களுக்கு" என்று அவள் தொடங்கினால், கேட்டுக்கொண்டு நிற்பவர் தாமே மேதகு ஆனதுபோல் நிமிர்ந்து நிற்பார்.

வேலை நாளை எட்டு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டாக்க நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது. முதலாளி ஓட்டெடுப்புக்குக் காத்திருக்கவில்லை.

"சட்டம் எப்படியும் வரப்போகுது. நாம இப்பவே பழகிக்குவோம்" என்றார்.

"வராமப் போச்சுன்னா முதலாளி?" என்று கேட்டான் கொதிகலன்காரன்.

"வராமப் போனா அப்பப் பாத்துக்கலாம். இஷ்டமில்லாதவங்க இப்பவே வீட்டுக்குப் போகலாம்."

யாரும் போகவில்லை. ஐந்து மணிக்கு உள்ளே வந்தால் மாலை ஐந்து மணிக்குத்தான் வெளியே.

பன்னிரண்டு மணி நேரம் தொடங்கிய மூன்றாவது வாரம், ரோலரின் வலது முனையில் நின்ற நெட்டையின் கை உள்ளே போய்விட்டது. உயரமாக இருந்ததால் அவளை அப்படிக் கூப்பிடுவார்கள். ரோலரின் இரு முனையிலும் ஒரு சிவப்புக் கம்பி உண்டு. தட்டினால் உருளை நிற்கும். நெட்டையின் பக்கத்துக் கம்பி மூன்று மாதமாகக் கெட்டுக் கிடந்தது. சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். பெரியவளின் பக்கத்துக் கம்பி வேலை செய்தது. அவள் அதைத் தட்டினாள். ஆனால் அலறல் கேட்டு, அது கனவில்லை என்று புரிந்து, அதன்பிறகுதான் தட்டினாள். அவள் நின்றபடியே தூங்கியிருந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தொழிற்சங்கத்தார் தொகுதியின் எம்.பி.க்கு ஆளாளுக்குக் கடிதம் போடச் சொன்னபோது பெரியவள் இரண்டு நாள் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினாள். உழைப்பின் கண்ணியம், ஓய்வின் தேவை, நாட்டின் எதிர்காலம் எல்லாம் அதில் இருந்தன. நெட்டையின் கை மட்டும் இல்லை. அந்த இடத்துக்குப் பேனா வரும்போதெல்லாம் அவள் வேறு பத்திக்குத் தாண்டிப் போனாள். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. அச்சிட்ட நாலு வரி. "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி." அவளுடைய பெயரில் ஓர் எழுத்து தப்பு.

அதே வாரம் எம்.பி. நாடாளுமன்றத்தில் எழுந்து ஓர் அஞ்சலட்டையைப் படித்தார். மடிப்பு மேசையில் நிற்கும் ஒரு பெண் எழுதியது என்று சொல்லி அவள் பெயரையும் படித்தார். மறுநாள் செய்தித்தாளில் அந்த அட்டையே படமாக வந்துவிட்டது. எழுதியவள் சின்னவள்.

அவள் அட்டை எழுதியதே பெரியவளுக்குத் தெரியாது. அவள் எதையாவது எழுதி இதுவரை பார்த்ததும் இல்லை.

கொதிகலன்காரன் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக் கடைசி வரியை எல்லோருக்கும் உரக்கப் படித்தான்: "ஓட்டுப் போடும் முன் ஒருநாள் பதினோரு மணி நேரம் நின்று பாருங்கள் ஐயா." லாண்டிரியே கைதட்டியது. பெரியவளும் தட்டினாள். உள்ளங்கைகள் படாமலே தட்டினாள்.

"நீங்க படிக்கலையா?" என்று செய்தித்தாளை நீட்டினான்.

"கண்ணாடி வீட்ல இருக்கு" என்றாள். கண்ணாடி இடுப்புப் பையில்தான் இருந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு வயிறு எரிந்தது. உண்மையிலேயே எரிந்தது, சாப்பாடு இறங்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சின்னவளுக்கு இடம் போட்டு வைத்தார்கள். மனு எழுத வேண்டிய ஒருத்தி இவளைத் தாண்டிப் போய்ச் சின்னவளிடம் தாளை நீட்டினாள். "ஐயோ, எனக்கு என்ன தெரியும், அக்காகிட்டப் போ" என்று அவள் திருப்பி அனுப்பியது இன்னும் மோசமாக இருந்தது. பிச்சை போட்டதுபோல் இருந்தது. வீட்டிலோ பெரியவளின் புருஷனே அந்தப் படத்தை வெட்டிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தான்.

"தம்பி பொண்டாட்டி பேர் நாடாளுமன்றத்துல கேட்டுச்சு, பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன். குழம்பு தீயுது, நகருங்க."

அடுப்புக்கு முன் முதுகைக் காட்டி நின்றே சமைத்தாள். ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. போகிற போக்கில் கண்ணில் பட்ட ஒரு சொல்: "நிருத்த." நிறுத்த என்பதற்கு வல்லினம் போடத் தெரியவில்லை. நாடே அந்தத் தப்பைப் பார்த்திருக்கிறது. பாத்திரம் தேய்க்கும்போது அந்த ஒற்றை எழுத்தை நினைத்து நினைத்து அவள் மனம் குளிர்ந்தாள். பிறகு, நாடு அந்தத் தப்பை மன்னித்துவிட்டது என்று நினைத்ததும் மறுபடி எரிந்தது.

முதலாளி அவளைக் கூப்பிட்டு அனுப்பியது இரண்டு வாரம் கழித்து.

"வாம்மா, உட்காரு" என்றார். மாடியில் அவர் அறையில் அவள் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. மெத்தை வைத்த நாற்காலி. கால்களில் ரத்தம் இறங்குவது தெரிந்தது.

"இங்க எழுதத் தெரிஞ்ச ஆள் நீதான்னு எல்லாருக்கும் தெரியும். உன் ஓரகத்தி ஏதோ ரெண்டு வரி கிறுக்கிட்டா, அவளுக்குப் பேரு. உனக்கு எப்படி இருக்கும்னு எனக்குப் புரியுது."

இந்த இரண்டு வாரத்தில் பெரியவளின் மனசைச் சரியாகச் சொன்ன ஒரே ஆள் இவர்தான் என்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"அதிகாரிங்க விசாரணைக்கு வர்றாங்க. நீ பக்கத்துல நின்னவ. விபத்து காலைல பத்து மணிக்கு நடந்துச்சு, அந்தப் பொண்ணு பேச்சு சுவாரசியத்துல கையை விட்டுட்டா. இதை உன் அழகான கையெழுத்துல எழுதிக் குடு. அந்த அட்டையில இருக்கிறது பொய்னு தெரிஞ்சா எம்.பி.யும் வாயை மூடிக்குவார். அடுத்த மாசத்துலேர்ந்து உனக்கு ஆபீஸ்ல எழுத்து வேலை. இதே நாற்காலி."

தாளும் பேனாவும் முன்னால் வந்தன. நல்ல தாள். பேனா மை தங்குதடையில்லாமல் ஓடியது. "மேதகு ஐயா அவர்களுக்கு" என்று எழுதினாள். சின்னவள் சொன்னது பொய் என்று நாடு தெரிந்துகொள்ளும். சுவரில் ஒட்டிய படம் கிழியும். யாரும் தூங்கியதாக எந்தக் காகிதத்திலும் இருக்காது. எல்லா வழியும் அந்த ஒரு தாளில் வந்து சேர்ந்தது.

"அந்த அட்டையில என்ன எழுதியிருக்குன்னு பார்த்தாத்தான் வரிக்கு வரி மறுத்து எழுத முடியும்" என்றாள்.

முதலாளி மேசை இழுப்பறையிலிருந்து செய்தித்தாளை எடுத்துப் போட்டார். பெரியவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல்முறையாக அதை முழுசாகப் படித்தாள்.

"ஐயா, சட்டம் வருவதற்கு முன்னாலேயே எங்கள் லாண்டிரிக்குப் பன்னிரண்டு மணி நேரம் வந்துவிட்டது. போன வாரம் பதினோராவது மணியில் ஒருத்தியின் கை ரோலரில் போனது. ஒரு பக்கக் கம்பி கெட்டு மூணு மாசம். மறுபக்கம் நிருத்த வேண்டியவளும் பதினோரு மணி நேரம் நின்றவள்தான். கண் சொருகினால் அவள் என்ன செய்வாள். அவள்மேல் குற்றம் சொல்ல வேண்டாம். ஓட்டுப் போடும் முன் ஒருநாள் பதினோரு மணி நேரம் நின்று பாருங்கள் ஐயா."

இரண்டு தடவை படித்தாள். மடிப்பு மேசை ரோலருக்கு நேர் எதிரே என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன் மூன்று பக்கத்தில் எது இல்லையோ அது இந்த அட்டையில் இருந்தது. பொறாமை போகவில்லை. கூடத்தான் செய்தது. ஆனால் இப்போது அதற்குக் காரணம் பேரும் கைதட்டலும் இல்லை.

பேனாவை மூடிவைத்தாள்.

"முதலாளி, அப்ப மணி மூணே கால். நான் நின்னுக்கிட்டே தூங்கிட்டேன்."

அவர் முகம் மாறியது. "அப்போ உன் தப்புதானே? உன்னை வேலையை விட்டுத் தூக்க இது போதும், தெரியுமா?"

"தெரியும். தூங்கினதையும் எழுதுறேன். மூணே காலையும் எழுதுறேன். கம்பியையும் எழுதுறேன். எங்க கையெழுத்துப் போடணும்னு அதிகாரிங்ககிட்டக் கேட்டுக்கிறேன்."

அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கால்களுக்கு மனசில்லை; எழுந்தாள்.

கீழே வந்து மடிப்பு மேசைக்கு எதிரே நின்றாள்.

"நீ பாத்தியா?"

சின்னவள் விரிப்பை மடித்துக்கொண்டே, "பாத்தேன்க்கா" என்றாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? நானும் ரெண்டு தடவை தூங்கிருக்கேன். எனக்கு முன்னால துணி, உங்களுக்கு முன்னால ரோலர். அவ்வளவுதான் வித்தியாசம்."

"நிறுத்தன்னா வல்லின ற. சின்ன ர போட்டிருக்க."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. "அதைத்தான் ரெண்டு வாரமா மனசுக்குள்ள வெச்சிருந்தீங்களா?"

"வேற நிறையவும் வெச்சிருந்தேன். விடு."

அன்று சாப்பாட்டு நேரத்தில் பெரியவள் எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னாள். முதலாளி எழுதச் சொன்னதை, தான் எழுதத் தொடங்கியதை, தூங்கியதை. பிறகு ஒருத்தி தானும் தூங்கியதைச் சொன்னாள். கொதிகலன்காரன், அழுத்தமானி முள்ளைப் பார்த்தபடியே தூங்கிப்போனதைச் சொன்னான். முள் எல்லை தாண்டினால் கொதிகலன் வெடிக்கும். அவன் சொன்னதைக் கேட்டபிறகு இத்தனை நாள் அந்தக் கூரைக்கடியில் நின்றதை நினைத்து எல்லோருக்கும் உடம்பு சிலிர்த்தது.

"ஓட்டெடுப்புக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு" என்றாள் சின்னவள். "ஒரு அட்டையை அவங்க மறந்துருவாங்க. நாம எழுபது பேர் இருக்கோம்."

"எட்டு மணி நேரம் முடிஞ்சதும் வேலையிலேர்ந்து கையை எடுப்போம்" என்றான் கொதிகலன்காரன். "சட்டம்னு இன்னைக்கு இருக்கிறது அதுதானே?"

மறுநாள் பகல் ஒரு மணிக்கு ரோலர் நின்றது. மடிப்பு மேசையைத் துடைத்து, அதைச் சுற்றி எழுபது பேரும் அட்டைகளை வைத்துக்கொண்டு நின்றார்கள். நாலைந்து பேர் வழக்கம்போல் பெரியவளிடம் வந்தார்கள்.

"நான் எழுத மாட்டேன். அவங்கவங்க கையால எழுதுங்க. தப்பு இருந்தா இருக்கட்டும்."

கொதிகலன்காரன் தன் அட்டையை வாசித்தான்: "நான் தூங்கினால் இந்தத் தெருவே எழுந்திருக்காது." இந்த வரி தனக்கு ஏன் வரவில்லை என்று பெரியவளுக்குச் சுருக்கென்றது. வாயைத் திறந்து, "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அப்போது நெட்டை வந்தாள். சின்னவள்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். வலது கை முழங்கைவரை கட்டு. பெரியவள் அவளருகே போனாள்.

"நான் தூங்கிட்டேன்டி. அதான் கம்பியை நேரத்துக்குத் தட்டலை."

"தெரியும்க்கா" என்றாள் நெட்டை. "நீங்க ரோலர் மேல சாஞ்சிருவீங்களோன்னு உங்களையே பாத்துக்கிட்டிருந்தேன். என் கை எங்க போகுதுன்னு பாக்கலை."

நெட்டை இடது கையால் ஓர் அட்டையை எடுத்துப் பெரியவள் முன் வைத்தாள்.

"எல்லாரும் அவங்கவங்க எழுதட்டும். எனக்கு நீங்கதான் எழுதணும்."

வாசலில் இரண்டாவது லாரி ஹாரன் அடித்தது. முதலாளி வேகமாக உள்ளே வந்தார்.

"என்ன நடக்குது இங்க? வேலை நேரத்துல என்ன எழுத்து?"

"வேலை நேரம் முடிஞ்சுது முதலாளி" என்றாள் சின்னவள். "எட்டு மணி நேரம் ஆயிருச்சு."

"நாளைக்கு ஒருத்தரும் உள்ள வர முடியாது."

"எழுபது பேரும் காலைல அஞ்சு மணிக்கு வாசல்ல நிப்போம்" என்றான் கொதிகலன்காரன்.

லாரி மறுபடி ஹாரன் அடித்தது. மேசையைச் சுற்றி நின்றவர்களில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நெட்டையின் பக்கம் சாய்ந்தாள்.

"சொல்லுடி. நீ சொல்றதை அப்படியே எழுதுறேன்."

நெட்டை யோசித்து, முதல் வார்த்தையைச் சொன்னாள்.